வேலூர் வெயிலில் தனி விமானம்: வாசகர் கேள்வி - பதில்

(இந்த இதழில் பதில் சொல்பவர், சிறு விமானங்களின் பராமரிப்பு இன்ஜினீயராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது வாலாஜாபேட்டையில் வசிப்பவர்.)

ஐயா, ஆம்பூரில் ஷூ அப்பர் ஏற்றுமதி செய்கிறேன். மாதத்தில் மூன்று தடவையாவது கான்பூர், கொல்கத்தா என்று போக வேண்டியிருக்கிறது. கூடவே இரண்டு பேர் வருவார்கள். சொந்தமாக ஒரு டர்போபிராப் விமானம் (டர்பைன் இன்ஜின் புரொப்பெல்லரைச் சுற்றும் ரகம்) வாங்கலாமா என்று யோசனை. நண்பர் ஒருவர் டி.பி.எம். வாங்கு என்கிறார், இன்னொருவர் பி.சி.-12 என்கிறார். மைத்துனரோ கிங் ஏர் தவிர எதிலும் ஏற மாட்டேன் என்கிறார். வேகத்திலும் செலவிலும் எது தேறும்?
- ஓர் ஏற்றுமதியாளர், ஆம்பூர்

பாய், முதலில் வேகத்தை முடித்துவிடுவோம். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், கடைசியில் அதுதான் சின்ன விஷயமாகப் போகிறது.

பிரான்சில் தார்ப் என்ற ஊரில் செய்யும் டி.பி.எம். 960 அதிகபட்சம் 330 நாட் வேகத்தில் போகும். மணிக்கு 610 கிலோமீட்டர். அமெரிக்காவின் கிங் ஏர் 260, இரட்டை இன்ஜின், 310 நாட். சுவிட்சர்லாந்தின் பி.சி.-12 என்.ஜி.எக்ஸ்., ஒற்றை இன்ஜின், 290 நாட். நம் பக்கத்திலிருந்து கான்பூர் நேர்கோட்டில் சுமார் 1,500 கி.மீ.; கொல்கத்தா அதற்குக் கொஞ்சம் குறைவு. காற்று இல்லாத நாளில் கணக்குப் போட்டால் கான்பூருக்கு டி.பி.எம். இரண்டரை மணி நேரம், பி.சி.-12 இரண்டே முக்கால் மணிக்குச் சற்று மேல். ஏறி இறங்கும் நேரம் இரண்டுக்குமே தனி. ஆக வித்தியாசம் 20 நிமிடம். சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் அதைத் தொலைத்துவிடுவீர்கள். மைத்துனரின் கிங் ஏர் இரண்டுக்கும் நடுவில் போய்ச் சேரும்.

எண்ணெயில்தான் முதல் வித்தியாசம் தெரியும். டி.பி.எம். முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 225 லிட்டர் குடிக்கும். பி.சி.-12 சுமார் 240. கிங் ஏர் 260 இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்து 400 லிட்டர் பக்கம். விமான எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் வராது. மாநில வாட் வரி தனி, தமிழ்நாட்டில் அது அதிகம். கணக்குக்கு லிட்டர் 100 ரூபாய் என்று வையுங்கள். கான்பூருக்கு ஒரு வழிப் பயணம் டி.பி.எம்.மில் 60,000 ரூபாய், பி.சி.-12இல் 72,000, கிங் ஏரில் ஒரு லட்சத்துக்கு மேல். வேகமான விமானம்தான் அதிகம் குடிக்கும் என்று நினைப்போம். இங்கே வேகமானதுதான் குறைவாகக் குடிக்கிறது. காரணம், டி.பி.எம். ஒல்லியான உடம்பு. உள்ளே ஏறி உட்கார்ந்தால் நல்ல காரில் உட்கார்ந்த மாதிரிதான். எழுந்து நடமாட முடியாது, கழிவறை வசதியும் பெயருக்குத்தான். சாம்பிள் பெட்டிகளோடு மூன்று பேர், இரண்டு விமானிகள் என்றால் இடுப்பு இடிக்கும். பி.சி.-12இன் கேபின் அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கும். பின்பக்கம் 1.35 மீட்டர் அகலத்தில் சரக்குக் கதவு ஒன்று இருக்கிறது. தோல் பண்டலை அப்படியே உள்ளே தள்ளலாம். உங்கள் தொழிலுக்கு அந்தக் கதவுதான் முக்கியம் என்பேன்.

இப்போது விலை. டி.பி.எம். 960 புதிதாக ஐந்து மில்லியன் டாலர் சுமார். பி.சி.-12 ஆறு மில்லியனைத் தாண்டும். கிங் ஏர் 260 அதற்கும் மேல். டாலர் 85 ரூபாய் என்றே வைத்தாலும் பி.சி.-12க்கு 51 கோடி. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்தால் 2025 செப்டம்பர் 22இலிருந்து ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அப்போது விலை 71 கோடியைத் தாண்டிவிடும். அதனால்தான் பலர் விமானத்தைத் தங்கள் பெயரில் 'பிரைவேட்' என்று வைக்காமல், வாடகைக்கு ஓட்டும் பர்மிட் வைத்திருக்கும் நிறுவனத்தின் கையில் கொடுத்து ஓட்டச் சொல்கிறார்கள். வரி மிச்சம்தான். ஆனால் அப்போது அது வாடகை விமானம். உங்கள் குடும்பத்துக்காக ஹேங்கரில் காத்திருக்கும் வண்டி இல்லை. விதிகளும் ஆடிட்டும் வாடகைத் தொழிலுக்கு உள்ளவைதான். 'பேருக்கு வாடகை, நிஜத்தில் சொந்தம்' என்று யாராவது ஆசை காட்டினால், சுங்கத்துறை தெரிந்த வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லோரும் எண்ணெய்க் கணக்கைக் கேட்கிறார்கள், வட்டிக் கணக்கை யாரும் கேட்பதில்லை. 51 கோடிக்கு 9 சதவீதம் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு நாலரைக் கோடிக்கு மேல். மாதம் மூன்று தடவை போய்வந்தால் உங்களுக்கு ஆகும் பறப்பு வருஷத்துக்கு 200 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக விமானம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே மணிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் மணிக்கு 24,000 ரூபாய்தான். இன்சூரன்ஸ் விமான விலையில் ஒரு சதவீதம் என்று வைத்தாலே 51 லட்சம். இரண்டு விமானிகள், ஒரு இன்ஜினீயர், ஹேங்கர் வாடகை, தரையிறங்கும் கட்டணம், வருஷாந்திரச் சோதனை, விமானிகளை சிமுலேட்டர் பயிற்சிக்கு அனுப்பும் செலவு, வழிகாட்டும் கணினிக்கு வரைபடச் சந்தா, இவையெல்லாம் நீங்கள் ஒரு மணி பறந்தாலும் 400 மணி பறந்தாலும் ஏறக்குறைய மாறாது. ஒன்றாம் தேதி வந்தால் விமானிக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அவர் வீட்டில் தூங்கியிருந்தாலும்.

இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். இந்த மூன்று விமானங்களிலும் இருப்பது பி.டி.6 என்ற இன்ஜின் குடும்பம். அதில் பழைய ரகங்களுக்குப் பொதுவாக 3,600 மணி நேரத்தில் ஓவர்ஹால். என்.ஜி.எக்ஸ்., டி.பி.எம். 960 இரண்டிலும் வரும் புது ரகத்துக்கு 5,000 மணி. ஓவர்ஹாலுக்கு ஐந்து லட்சம் டாலர் என்று வைத்தால் பி.சி.-12க்கு மணிக்கு 8,500 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். கிங் ஏரில் எடுத்துவைக்க வேண்டியதும் இரண்டு இன்ஜினுக்கு, புரொப்பெல்லரும் இரண்டு.

எல்லாம் கூட்டினால் 200 மணிப் பறப்பில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். வாடகைக்கு எடுத்தால் மணிக்கு எவ்வளவு என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து அதைப் பக்கத்தில் வையுங்கள். விமானம் காலியாகத் திரும்பும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பில் போடுவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் வாடகைதான் மலிவு. நீங்கள் 400 மணிக்குக் கிட்டே பறப்பீர்கள் என்றால், அல்லது கையில் கடன் இல்லாத பணம் இருக்கிறது என்றால், அப்போது பேசலாம். அப்போது என் ஓட்டு பி.சி.-12க்கு. மைத்துனருக்கு இரண்டு இன்ஜின் வேண்டுமானால் எண்ணெய் பில்லில் பாதியை அவர் தலையில் கட்டுங்கள்.

அப்துல்லாபுரத்தில்தான் ஓடுபாதை போட்டாகிவிட்டதே. வேலூரிலேயே சொந்த விமானத்தை இறக்கி ஏற்றலாமே, எதற்குச் சென்னை?
- வாசகர், சத்துவாச்சாரி

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். ஓடுபாதை இருப்பது ஒன்று, அது எவ்வளவு நீளம் என்பது இன்னொன்று, அன்றைக்கு எவ்வளவு வெயில் என்பது மூன்றாவது. நம் ஊரில் மூன்றாவதுதான் ராஜா.

அப்துல்லாபுரம் ஓடுபாதை சுமார் 850 மீட்டர். சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சிறிய விமானங்களை மனதில் வைத்துச் சீரமைத்தது. பி.சி.-12 விளம்பரத் தாளை எடுத்துப் பார்த்தால், முழு எடையோடு கிளம்பி 50 அடி உயரத் தடையைத் தாண்ட 758 மீட்டர் போதும் என்று இருக்கும். 850 இருக்கிறதே, போதுமே என்று தோன்றும். அந்த 758, கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்துக்கான எண். வேலூர் 15 டிகிரியைப் பார்ப்பது மார்கழி விடியலில், அதுவும் தினமும் இல்லை.

சித்திரை வெயிலில் 42 டிகிரி என்று வையுங்கள். ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 700 அடிக்குக் கொஞ்சம் கூடுதல் உயரத்தில் இருக்கிறது. காற்று சூடானால் அடர்த்தி குறையும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், புரொப்பெல்லருக்கும் குறையும். எங்கள் தொழிலில் இதை 'டென்சிட்டி ஆல்டிட்யூட்' என்போம். அந்த உயரத்துக்குரிய தரமான வெப்பத்தைவிட எத்தனை டிகிரி அதிகமோ, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்க்க வேண்டும். இங்கே 28 டிகிரிக்கு மேல் அதிகம். கூட்டினால் 4,000 அடியைத் தாண்டுகிறது. அதாவது மே மாத மத்தியானத்தில், அப்துல்லாபுரத்தில் நிற்கும் விமானம் தான் ஏலகிரி மலைமேல் நிற்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். ஏலகிரியில் நமக்குக் கிடைக்கும் குளிர் மட்டும் அதற்குக் கிடைக்காது.

ஆயிரம் அடிக்கு ஓட்ட நீளம் பத்து சதவீதம் கூடும் என்பது தோராயக் கணக்கு. 758 மீட்டர் 1,060 ஆகிவிடும். பாதை முடிந்து வேலிக்கு வெளியே 200 மீட்டர். டர்போபிராப் இன்ஜின்களில் ஒரு நல்ல விஷயம், வெயிலில் அவற்றின் சக்தி சீக்கிரம் சரிவதில்லை. டி.பி.எம். இன்ஜின் உள்ளுக்குள் 1,800 குதிரைத்திறன் வரை தரக்கூடியது. அதை 895க்குக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருக்கும் இந்த வலு வெயிலுக்காகவும் உயரத்துக்காகவும். இறக்கைக்கு அப்படி எதுவும் ஒதுக்கி வைக்க முடியாது.

எடையைக் குறைத்தால் முடியும். எண்ணெயைப் பாதி நிரப்பி, இரண்டு பேரை ஏற்றி, காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் 850 மீட்டரில் பி.சி.-12 எழும்பும். அப்புறம் சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு கான்பூர் போக வேண்டும். அப்படியானால் எதற்கு வேலூர்? கிங் ஏருக்கு இன்னொரு தொல்லை. இரட்டை இன்ஜினில், வேகம் எடுத்த பிறகு ஒரு இன்ஜின் போனால் பிரேக் போட்டு நிறுத்த மிச்சப் பாதை வேண்டும். அந்தக் கணக்கை ஒழுங்காகப் பார்க்கும் விமானி சூடான நாளில் 850 மீட்டருக்கு வரவே மாட்டார். வந்தால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

இதில் எரிபொருள் கிடைக்குமா, இரவில் இறங்க விளக்கு இருக்கிறதா, தீயணைப்பு வண்டி எந்த ரகம் என்ற கேள்விகளை நான் தொடவே இல்லை. வாங்குகிறவர் தொட வேண்டும்.

ஒற்றை இன்ஜின் விமானத்தில் இன்ஜின் நின்றால் கதி என்ன?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, குடியாத்தம்

சறுக்கிக்கொண்டே இறங்க வேண்டும், டீச்சர். கல்லைப் போல விழாது. பி.சி.-12 இன்ஜின் நின்ற நிலையில் ஆயிரம் அடி இறங்குவதற்குள் நாலே முக்கால் கிலோமீட்டர் முன்னே போகும். வேலூருக்கு நேர்மேலே 28,000 அடியில் இன்ஜின் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 130 கிலோமீட்டர் கையில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் 120. அது தள்ளாடித்தான் கிடைக்கும். ஆனால் நம் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தின் ஓடுபாதை நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம், தூரம் 70 கிலோமீட்டர் சுமார். அதில் தாராளமாக இறங்கலாம். அனுமதி பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கவலைப்பட வேண்டிய இடம் கிளம்பிய முதல் ஒரு நிமிடம். ஆயிரம் அடிக்குக் கீழே நின்றால் எதிரே இருக்கும் வயலோ ஏரியோதான். இரட்டை இன்ஜினில் அந்த நிமிடத்துக்கு வழி உண்டு. ஆனால் ஒரு பக்கம் இழுக்கும் விமானத்தைச் சில வினாடிகளில் சரி செய்யத் தெரிந்த, அதையே வருஷாவருஷம் சிமுலேட்டரில் பழகிய விமானி வேண்டும். பழகாத விமானி வேகத்தைக் கொஞ்சம் விட்டால், ஓடுகிற இன்ஜினே விமானத்தைக் கவிழ்த்துவிடும். இரண்டாவது இன்ஜின் விலை கொடுத்து வாங்கினால் வரும், இந்தப் பழக்கம் வராது.

2011 மே மாதம் பாட்னாவிலிருந்து டெல்லிக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்த பி.சி.-12 ஒன்று ஃபரிதாபாத்தில் வீடுகள்மேல் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். ஒற்றை இன்ஜின் என்றதும் நம் ஆட்கள் அதைத்தான் சொல்லுவார்கள். அன்றிரவு வானிலை படு மோசம். விசாரணை போன திசை, மேகத்துக்குள் விமானம் கட்டுப்பாட்டை இழந்ததை நோக்கி. நான் பார்த்தவரை சிறு விமானங்களைக் கொல்வது பெரும்பாலும் இன்ஜின் இல்லை. 'எப்படியாவது போய்விடலாம்' என்று கிளம்புவதுதான். அதில் முதலாளியின் அவசரமும் ஒரு பங்கு.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் ரயிலில் இரண்டு நாள் வருகிறார்கள். ஏர் ஆம்புலன்சுக்கு எந்த விமானம் தோது?
- செவிலியர், பாகாயம்

ஆஸ்திரேலியாவில் பறக்கும் மருத்துவர் சேவை இருக்கிறது. அவர்கள் பி.சி.-12, கிங் ஏர் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். இதுவே பதில் பாதி. மண் பாதையில் இறங்க, ஸ்ட்ரெச்சரைச் சாய்க்காமல் அகலக் கதவு வழியாக ஏற்ற பி.சி.-12 சௌகரியம். கிங் ஏரின் படிக்கட்டுக் கதவு குறுகல். அதற்குத் தனி ஏற்றுகருவி வேண்டும், அல்லது சரக்குக் கதவு வைத்த 350சி ரகத்தை வாங்க வேண்டும்.

நீங்கள் செவிலியர் என்பதால் இதையும் சொல்கிறேன். பி.சி.-12 30,000 அடியில் போகும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 10,000 அடி மலைமேல் இருப்பது போன்றது. தலைக்காயம், நுரையீரல் பக்கம் காற்று கசிந்த நோயாளி என்றால் டாக்டர் 'தரைமட்ட அழுத்தம் வேண்டும்' என்பார். அப்போது விமானி 13,000 அடி சுமாருக்கே இறங்கி ஓட்ட வேண்டும். அந்த உயரத்தில் வேகம் குறையும், எண்ணெய் கூடும், பருவமழை நாளில் குலுக்கலும் கூடும். கொல்கத்தாவிலிருந்து வரும் பயணம் நீண்டு, வழியில் ஓரிடத்தில் எண்ணெய்க்கு நிற்கவும் வேண்டிவரலாம். ஏர் ஆம்புலன்ஸ் பேசும்போது கட்டணத்தோடு 'எந்த உயரத்தில் கொண்டுவருவீர்கள்?' என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்களை விட்டுவிடுங்கள்.

கேரவன் என்று ஒரு சிறு விமானம் இருக்கிறது, விலை குறைவு, முரட்டு உழைப்பு. ஆனால் காற்றழுத்தம் கட்டாத கேபின், வேகம் மணிக்கு 350 கிலோமீட்டர் சுமார். பக்கத்து ஊர்களுக்கு நல்லது. நீண்ட தூரத்துக்கு நோயாளியை அதில் ஏற்ற மாட்டேன்.

டர்போபிராப் இன்ஜினில் காற்று பின்பக்கமாக நுழைகிறது என்று படித்தேன். ஏன் அப்படி? அப்புறம், ஜெட் இருக்கும்போது புரொப்பெல்லர் எதற்கு?
- பொறியியல் மாணவி, காட்பாடி

கனடாவின் பிராட் அண்டு விட்னி செய்யும் பி.டி.6ஐச் சொல்கிறாய் அம்மா. 1960களிலிருந்து ஓடுகிற இன்ஜின். மேலே சொன்ன மூன்று விமானங்களிலும் அதுதான். காற்று பின்னால் நுழைந்து, முன்னோக்கி வந்து, சுருங்கி, எரிந்து, முன்பக்கப் புகைபோக்கி வழியே வெளியேறும். அதனால்தான் புகைக்குழாய் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதன் அழகு, உள்ளே இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று தண்டால் இணைக்கப்படாமல் இருப்பது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் மற்றதும் சுழலும் இல்லையா, அது போல. காற்றைச் சுருக்கும் பகுதி ஒரு விசிறி, புரொப்பெல்லரைச் சுற்றும் டர்பைன் மற்றது. புரொப்பெல்லர் பக்கத்துப் பகுதியை மட்டும் தனியே கழற்றி, சூடான பாகத்தை விமானத்தில் வைத்தே சோதிக்கலாம். இன்ஜினீயர்களுக்கு இது வரம்.

ஜெட் வேகம்தான். சிறிய ஜெட் கான்பூருக்கு அரை மணிக்கு மேல் முன்னால் போகும். ஆனால் 300, 500 கிலோமீட்டர் பயணத்தில் அது உயரம் ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டும். எண்ணெய் கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஓடுபாதையும் நீளமாக வேண்டும். குட்டையான பாதை, நடுத்தரத் தூரம் என்றால் புரொப்பெல்லர்தான்.

நீ இந்தத் தொழிலுக்கு வருவதாக இருந்தால் ஒரு விஷயம் தெரிந்துகொள். இந்த இன்ஜினைக் கெடுக்க எளிய வழி, சோர்ந்த பேட்டரியை வைத்து ஸ்டார்ட் செய்வது. காற்று போதுமான வேகம் எடுப்பதற்குள் எண்ணெய் பற்றிக்கொண்டால் உள்ளே வெப்பம் சில வினாடிகளில் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். 'ஹாட் ஸ்டார்ட்' என்போம். ஒரு சின்ன ஏரோடிராமில் வாடகைக் கம்பெனி ஒன்றின் விமானம் ராத்திரி முழுக்கக் கேபின் விளக்கு எரிய நின்றது. காலையில் வெளி பேட்டரி வண்டி வர அரை மணி ஆகும் என்றார்கள். முக்கியப் பிரமுகர் காத்திருக்கிறார் என்று விமானி பொத்தானை அழுத்திவிட்டார். வெப்ப முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. இன்ஜினைக் கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்பி, அது திரும்பி வரும்வரை விமானம் ஹேங்கரில் மூக்கு இல்லாமல் நின்றது. பிரமுகர் காரில் போனார். அந்த அரை மணிதான் எனக்குத் தெரிந்து மிக விலை உயர்ந்த அரை மணி.

பழைய கிங் ஏர் சி90 ஒன்று எட்டுக் கோடிக்கு வருகிறது. மலிவு என்கிறார் தரகர். சரிதானே?
- கட்டுமான ஒப்பந்ததாரர், வாணியம்பாடி

விலை மலிவு, விமானம் மலிவா என்பது லாக் புக்கைப் பார்த்தால் தெரியும். இரண்டு இன்ஜினும் கடைசி ஓவர்ஹாலுக்குப் பிறகு எத்தனை மணி ஓடின என்று பாருங்கள். 3,600இல் 3,300 ஓடியிருந்தால், நீங்கள் எட்டுக் கோடி கொடுத்து வாங்குவது உடம்பை மட்டும். இன்ஜினுக்கு இன்னும் பல கோடி தனியே. அதே எட்டுக் கோடிக்கு இன்ஜின் புதிதாக ஓவர்ஹால் ஆகி 500 மணிதான் ஓடியிருந்தால் நல்ல வியாபாரம்.

அடுத்தது விமானம் எங்கே நின்றது. கடற்கரை ஊரில் திறந்தவெளியில் வருஷக்கணக்கில் நின்றிருந்தால் இறக்கை மூட்டுகளில் துரு இருக்கும். உப்புக்காற்றில் ஓடுகிற இன்ஜினின் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதைக் கழுவியதற்குப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். தரகர் 'சுத்தமான விமானம் சார்' என்றால் அது வெளிப் பெயின்டைப் பற்றி. மாதக்கணக்கில் பறக்காமல் நின்றுகொண்டிருந்த விமானமும் ஆபத்துதான். டர்பைன் ஓடினால்தான் நலமாக இருக்கும், நிறுத்தி வைத்தால் சீல்கள் காயும், எண்ணெய்த் தொட்டியில் பூஞ்சை பிடிக்கும்.

தரகர் காட்டும் இன்ஜினீயரை வைத்துச் சோதிக்காதீர்கள். விற்பவருக்கோ தரகருக்கோ சம்பந்தமில்லாத ஒரு பராமரிப்பு நிலையத்தில் நீங்கள் பணம் கட்டி, எண்டோஸ்கோப் விட்டு இன்ஜின் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால், ஏன் என்று கேட்கக்கூட வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

பி.சி.-12 வாங்கினால் மிலான் தோல் கண்காட்சிக்கு அதிலேயே போகலாமா?
- வாசகர், ராணிப்பேட்டை

போகலாம். முழுத் தொட்டிக்கு 1,800 கடல் மைல், அதாவது சுமார் 3,300 கிலோமீட்டர். மிலான் 7,000க்கு மேல். வளைகுடாவில் ஒரு நிறுத்தம், அப்புறம் இன்னொன்று, காற்று எதிர்த்தால் மூன்றாவதும். ஒவ்வொரு நாட்டிலும் மேலே பறக்க அனுமதி, இறங்கக் கட்டணம். போய்ச் சேர ஒரு நாள் முழுக்க ஆகும், விமானிகளுக்கு இடையில் ஓய்வும் வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாலு பேர், எல்லோரும் டேனரி உரிமையாளர்கள். பங்கு போட்டு ஒரு பி.சி.-12 வாங்கினால் கட்டுப்படியாகுமா?
- வாசகர், பேர்ணாம்பட்டு

கணக்கு நிச்சயம் அழகாக வரும். தலைக்கு 100 மணி என்றால் மொத்தம் 400 மணி. மேலே சொன்ன வட்டி, இன்சூரன்ஸ், சம்பளம் எல்லாம் ஆளுக்குக் கால் பங்கு. ஒரு மணி நேரச் செலவு பாதிக்குக் கிட்டே இறங்கிவிடும். ஆனால் சென்னையில் தோல் கண்காட்சி முடிந்த வாரம் நாலு பேருக்கும் கான்பூர் போக வேண்டியிருக்கும், ரம்ஜானுக்கு முந்தின நாள் நாலு பேருக்கும் ஊர் திரும்ப வேண்டியிருக்கும்.

ஆகவே விமானம் எது என்று பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தை எழுதுங்கள். ஒரே நாளில் இரண்டு பேர் கேட்டால் யாருக்கு முதல் உரிமை. காலியாகத் திரும்பும் பயணத்தின் எண்ணெய் யார் கணக்கு. ஒருவர் வெளியேறினால் அவர் பங்கை என்ன விலைக்கு, எத்தனை நாளில் மற்றவர்கள் வாங்க வேண்டும். இன்ஜின் நிதிக்கு மணிக்கு இவ்வளவு என்று தனி வங்கிக் கணக்கில், எவரும் தொட முடியாதபடி போடுவது. வானிலை சரியில்லை என்று விமானி சொன்னால் நாலு பேரில் எவரும் அவரை வற்புறுத்தக் கூடாது என்பதையும் ஒரு விதியாகவே எழுதுங்கள். இதையெல்லாம் பேசி முடித்துக் கையெழுத்தாகிவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பேட்டரி வண்டி வாங்குவதிலிருந்து ஆரம்பிப்போம்.